பொலிஸ் கூட்டிவரும் ஆளை ஈ.ரி.யு.வில் எப்படிப் பார்க்க வேண்டும்? திருகோணமலை உறவுகளிடம் ஒரு கேள்வி

தம்பலகாமத்தான்:

வணக்கம். நம் மாவட்டத்தில் வேலை செய்யும் வைத்தியர்கள், தாதியர், சட்டத்தரணிகள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள். பொலிஸ் பிடித்துக் கொண்டுவரும் ஒருவரை அவசர சிகிச்சைப் பிரிவில் (ஈ.ரி.யு.) இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று ஏதாவது முறை இருக்கிறதா? இருந்தால் அதைக் குடும்பத்தார் கேட்டுப் பெற முடியுமா?

கேட்பதற்குக் காரணம் உண்டு. என் பெரியப்பா மகனுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. சீனி வருத்தத்துக்குக் கிளினிக் மருந்து எடுப்பவர். காணி எல்லைத் தகராறு ஒன்றில் மாலை நேரம் பொலிஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போனது. இரவு அவர் உளறத் தொடங்கியதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அன்று கொஞ்சம் குடித்திருந்தார் என்பது உண்மை. வாயில் மணம் இருந்ததால் வெறி என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விரலில் குத்திச் சீனி பார்க்கவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள்தான் பதில் சொன்னாராம். விடியப்புறம் கூண்டுக்குள் வலிப்பு வந்து, மறுபடி தூக்கிக்கொண்டு ஓடிய பிறகுதான் சீனி அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது தெரிந்தது.

இப்போது நலமாக இருக்கிறார். எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பொலிஸ் என்று தயவுசெய்து கேட்காதீர்கள், அதைச் சொல்ல நான் வரவில்லை. அடுத்த ஆளுக்கு இது நடக்கக் கூடாது, அதற்கு என்ன செய்யலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

இரவுக்கடமை:

அண்ணா, அவர் பிழைத்தது பெரிய ஆறுதல். நான் கிழக்கில் ஓர் ஈ.ரி.யு.வில் வேலை செய்யும் வைத்தியர்.

பொலிஸ் கொண்டுவருபவருக்கென்று தனி மருத்துவம் கிடையாது. நெஞ்சுவலியோடு ஓட்டோவில் வருபவரைப் பார்க்கும் அதே ஒழுங்குதான்: மூச்சுப்பாதை, சுவாசம், இரத்த ஓட்டம், நினைவு நிலை, பிறகு உடை களைந்து முழு உடம்பு. ஆனால் ஜீப்பில் வருபவரோடு ஒரு தீர்ப்பும் சேர்ந்தே வந்துவிடுகிறது. "வெறி சேர்", "ஐஸ் போதை பாவிச்சவன்", "சும்மா நடிக்கிறான்". களைத்துப்போயிருக்கும் வைத்தியர் அந்தத் தீர்ப்பை வாங்கிக்கொண்டால் அதற்குப் பிறகு எதுவும் கண்ணில் படாது.

நினைவு தடுமாறிய எவருக்கும் முதல் நிமிடத்திலேயே சீனி பார்க்க வேண்டும். வாயில் மணம் இருந்தால் இன்னும் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் மது ஈரல் சீனி உண்டாக்குவதைத் தடுக்கிறது. சாப்பிடாமல் குடித்தவருக்குச் சீனி தானாகவே இறங்கும். அதோடு கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற சீனி வருத்தக் குளிசை எடுப்பவராக இருந்தால் ஆபத்து இரட்டிப்பு. 70 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே குறைவு, 54க்குக் கீழே போனால் மூளை தடுமாறும். தடுமாறியவர் உளறுவார், வியர்ப்பார், சண்டைக்கு வருவார். பார்ப்பவருக்கு அச்சு அசலாக வெறி மாதிரியே இருக்கும். இன்னொன்று: இந்தக் குளிசைகளின் வேலை பல மணி நேரம் நீளும். குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று கூண்டுக்குத் திருப்பி அனுப்பினால் மறுபடி இறங்கும். அப்படிப்பட்டவரை வார்டில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். நாட்பட்ட குடிகாரராக இருந்தால் குளுக்கோஸோடு தயமின் (விற்றமின் பி1) ஊசியும் போட வேண்டும்.

அடுத்தது தலை. குடித்தவர் விழுவார், அடிபடுவார், தலைக்குள் இரத்தம் கசிந்தாலும் தூங்குவது போலத்தான் கிடப்பார். நினைவு நிலையை அளந்து போடும் புள்ளி குறைந்திருந்தால் "குடியால்தான்" என்று கழித்துவிடாமல், தலைக்காயம் என்றே எடுத்துக்கொண்டு சி.ரி. ஸ்கான் வரை யோசிக்க வேண்டும். சிறிய தலைக்காயத்தோடு ஒருவரை வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு துண்டு கொடுத்து, 24 மணி நேரம் ஒருவர் கூட இருந்து பார்க்கவேண்டும், சத்தி எடுத்தாலோ எழுப்ப முடியாமல் தூங்கினாலோ உடனே கொண்டுவாருங்கள் என்று சொல்கிறோம். பொலிஸ் கூண்டில் அப்படி எழுப்பிப் பார்ப்பது யார்? என்னைக் கேட்டால், வீட்டுக்கு அனுப்பக்கூடிய காயமாக இருந்தாலும் கூண்டுக்கு அனுப்பக் கூடாது. அன்றிரவு வார்டில் வைத்திருங்கள்.

கிண்ணியா நானா:

டொக்டர் சொல்வது எல்லாம் சரி. ஆனால் நோயாளி சொல்வது டொக்டருக்கு விளங்கினால்தானே? எங்கள் பக்கம் தமிழ் மட்டும் தெரிந்த வாப்பா, உம்மாமார்தான் அதிகம். வைத்தியர் பல நேரம் சிங்களம் பேசுபவர். நல்ல மனுசர்கள், குறை சொல்லவில்லை. ஓர் அற்றெண்டனோ தாதியோ நடுவில் நின்று சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் கூட வந்தவர் பொலிஸ் என்றால் அவரே மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுகிறார். என்னைப் பிடித்தவரே என் வருத்தத்தையும் சொன்னால், அவர் கை என் மேல் பட்டிருந்தால் அதை அவர் சொல்வாரா?

எனக்குத் தெரிந்த கடற்தொழில் செய்யும் தம்பி ஒருவர் காது கேட்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். டிக்கெட்டில், அதாவது ஆஸ்பத்திரியில் அவரைப் பற்றி எழுதும் பதிவில், அது இல்லை. பிறகு வேறு இடத்தில் பார்த்தபோது செவிப்பறை கிழிந்திருந்தது.

மிஸ்_திருமலை:

நானா, காது விஷயத்தில் நீங்கள் சொன்னது உண்மை. கன்னத்தில் அறைந்தால் செவிப்பறை கிழியும், வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. ஒரு கருவியால் ஒரு நிமிடம் காதுக்குள் பார்த்தால் போதும். யாராவது பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் தாதியாக இருப்பவள். மொழிக்கு ஈ.ரி.யு.வில் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் அநேகமாக எப்போதும் இருப்பார், ஒருவரும் இல்லையென்றால் வார்டிலிருந்து தொலைபேசியில் பிடிக்கலாம். பொலிஸைக் கேட்பது பழக்கத்தால் வருவது, அந்தப் பழக்கத்தை நிறுத்த முடியும்.

ஆனால் நம் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். ஐஸ் பாவித்துவிட்டு வரும் பிள்ளைகளைக் கையாள்வது எவ்வளவு கடினம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. எங்களோடு வேலை செய்யும் பிள்ளைகள் அடி வாங்கியிருக்கிறார்கள். பொலிஸ் வெளியே போங்கள் என்று சொல்லிவிட்டு ஒரு தாதியும் ஒரு டொக்டரும் தனியாக நிற்க முடியாது.

அப்படிப்பட்டவருக்கு முதலில் வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைத்து, ஒருவர் மட்டும் மெதுவாகக் கதைக்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து கத்தினால் அவர் இன்னும் பயப்படுவார். தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம். அதற்கும் அடங்காவிட்டால்தான் மருந்து: மிடசோலம், ஹலோபெரிடோல் போன்ற ஊசி. ஊசி போட்டால் வேலை முடியவில்லை, அப்போதுதான் தொடங்குகிறது. மூச்சு, ஒக்சிசன், நாடி எல்லாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காய்ச்சல்மானி கட்டாயம். கச்சான் வீசும் மாதங்களில் வெயிலில் ஓடிப் பிடிபட்டவருக்கு உடம்புச் சூடு ஏறிப்போய் இருக்கும். அந்தச் சூடே ஆளைக் கொல்லும், ஈரத்துணி, விசிறி, சேலைன் என்று உடனே குளிர வைக்க வேண்டும்.

இதில் உயிர் போகும் விஷயம் ஒன்று இருக்கிறது. குப்புறக் கிடத்தி, கைகளைப் பின்னால் விலங்கிட்டு, முதுகில் முழங்காலை வைத்து அமத்துவது. "மூச்சு எடுக்க முடியவில்லை" என்று கத்துபவரைப் பார்த்து, கத்த முடிகிறது என்றால் மூச்சு இருக்கிறதுதானே என்று சொல்வார்கள். தவறு. நெஞ்சு விரிய இடமில்லாமல் களைத்து, திடீரென்று அமைதியாவார். அடங்கிவிட்டார் என்று எல்லோரும் நினைக்கும் அந்த நேரத்தில்தான் இதயம் நிற்கும். கட்டாயம் பிடிக்க வேண்டியிருந்தால் மல்லாக்காகவோ பக்கவாட்டிலோதான், அதுவும் மிகக் கொஞ்ச நேரம்.

ஓய்வுபெற்ற சார்ஜன்:

பொலிஸ் தரப்பிலிருந்தும் ஒருவர் பேசட்டும் என்று எழுதுகிறேன். பல ஆண்டுகள் கிழக்கில் பல நிலையங்களில் வேலை செய்தவன்.

ஒரு சந்தேகநபரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் கான்ஸ்டபிளுக்கு மேலே இருந்து வரும் கட்டளை ஒன்றுதான்: ஆளைத் தவறவிடாதே. தப்பினால் விசாரணை அவன் மேல். அதனால்தான் திரைக்குள்ளும் போய் நிற்கிறான். எல்லோரும் எதையோ மறைக்கத்தான் நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மறைக்க நிற்பவர்களும் உண்டு, அதை நான் மறுக்க மாட்டேன்.

இன்னொன்று, பொலிஸ் கொண்டுவருபவர் எல்லோரும் சந்தேகநபர் இல்லை. வீதி விபத்தில் கிடந்தவர், கோணேசர் கோயிலடியில் வழி தெரியாமல் நின்ற வயதானவர், புருசனிடம் அடி வாங்கி நிலையத்துக்கு ஓடிவந்த பெண், கடலில் குதிக்கப் போனவர், இவர்களையும் நாங்கள்தான் ஜீப்பில் ஏற்றினோம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கும் அம்புலன்ஸ் சேவை 2016இல் தொடங்கியது மேல், தென் மாகாணங்களில்தான். இந்தப் பக்கம் வரச் சில ஆண்டுகள் எடுத்தது. அதற்கு முன் இரவில் ஆள் விழுந்தால் பொலிஸ் அவசர இலக்கமான 119க்குத்தான் சனம் அடிக்கும். ஜீப்பில் இறங்கும்போது இவர்கள் எல்லோரையும் ஒரே கண்ணால் பார்ப்பார்கள். அந்தப் பெண்ணைக்கூட "என்ன கேஸ்?" என்று கேட்பார்கள்.

மிஸ்_திருமலை:

சார்ஜன் ஐயா சொன்ன பெண்களுக்காக ஒரு குறிப்பு. பல அரச ஆஸ்பத்திரிகளில் "நட்பு நிலையம்" என்று ஓர் இடம் இருக்கிறது, சிங்களத்தில் மிதுரு பியச என்பார்கள். வீட்டு வன்முறைக்கு ஆளானவர்களுக்கு அங்கே பயிற்சி பெற்ற தாதி ஒருவர் தனியாக இருந்து கதைப்பார். பொலிஸில் முறைப்பாடு செய்தால்தான் போகலாம் என்றில்லை. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கு 1929.

தம்பலகாமத்தான்:

எல்லோருக்கும் நன்றி. எனக்கு இன்னும் விளங்காதது பொலிஸ் தரும் எம்.எல்.ஈ.எஃப்., அதாவது சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவம். எம்.எல்.ஈ.எஃப். வரவில்லை, அதனால் காத்திருங்கள் என்று சிலருக்குச் சொல்கிறார்களே, அது சரியா?

இரவுக்கடமை:

சரியே இல்லை. சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவம் விசாரணைக்கானது. ஒரு பகுதியைப் பொலிஸ் நிரப்பித் தரும், மறு பகுதியைப் பரிசோதித்த வைத்தியர் நிரப்புவார். சிகிச்சைக்கு எந்தப் படிவமும் தேவையில்லை. பொலிஸ் படிவம் தராவிட்டாலும் நோயாளியின் டிக்கெட்டில் நான் எல்லாவற்றையும் எழுதலாம், எழுத வேண்டும். படிவம் இல்லாமல் தானாக வந்து அனுமதியானவருக்கு, ஆஸ்பத்திரிப் பொலிஸ் காவலரண் மூலம் பின்னர் படிவம் எடுக்கலாம். சட்ட வைத்திய அதிகாரிக்கும் அனுப்பலாம்.

எழுதுவதில்தான் நாம் அதிகம் தவறவிடுகிறோம். "தாக்குதல், சிறு காயங்கள்" என்று முடித்துவிடுகிறார்கள். எந்த இடம், எத்தனை சென்ரிமீற்றர், என்ன நிறம், என்ன வடிவம், அதற்கு நோயாளி என்ன காரணம் சொன்னார், அவர் சொன்ன வார்த்தையிலேயே, எத்தனை மணிக்கு, அப்போது யார் யார் நின்றார்கள், யார் மொழிபெயர்த்தார்கள். ஓர் உடம்புப் படம் வரைந்து அதில் குறித்தால் இன்னும் நல்லது. நம்முடைய தோல் நிறத்தில் கண்டல் உடனே தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் தெளிவாக வரும், அதனால் திரும்பப் பார்க்க வேண்டும் என்றும் எழுத வேண்டும். உள்ளங்கால் வீக்கத்தைப் பார்க்கச் செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டும். விலங்கு இறுகியிருந்தவருக்குப் பெருவிரல் அடிப்பகுதியில் மரத்துப்போயிருக்கும், அதையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

சிறுநீரைக் கேட்காமல் ஒருவரையும் விடாதீர்கள். தொடை, முதுகு, புட்டத்தில் நன்றாக அடி விழுந்தவர் நடந்தே வருவார், உயிருக்கு ஆபத்து இருப்பதாகத் தெரியாது. ஆனால் நசுங்கிய தசையிலிருந்து வெளியேறும் பொருள் சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் தேயிலைச் சாயம் போல, கொக்கோ கோலா நிறத்தில் போகும். அந்த நேரத்தில் சேலைன் தாராளமாக ஏற்றினால் பெரும்பாலும் காப்பாற்றலாம். விட்டுவிட்டால் டயாலிசிஸ், இல்லையென்றால் மரணம்.

சட்டத்தரணி_உவர்மலை:

டொக்டர் கடைசியில் சொன்னது இந்த நாட்டில் ஒரு பெரிய வழக்காகவே வந்தது. 2002இல் வத்தளைப் பொலிஸ் ஜெரால்ட் பெரேரா என்பவரை வேறொருவர் என்று நினைத்துப் பிடித்தது. அடியில் அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்தன. குடும்பம் கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் அவரைக் காப்பாற்றியது. 2003இல் உயர் நீதிமன்றம் அவருக்கு 8 இலட்சம் ரூபா இழப்பீடும், தனியார் ஆஸ்பத்திரிச் செலவும் கொடுக்கச் சொன்னது. உயிரைக் காக்க அரச ஆஸ்பத்திரியா தனியாரா என்று தெரிவு செய்யும் உரிமை அவருக்கு உண்டு என்றும் சொன்னது. அடுத்த ஆண்டு, அந்தப் பொலிஸாருக்கு எதிரான வழக்கில் மேல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல முன்னமே, அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் இல்லாமற்போனாலும் அந்தத் தீர்ப்பை இன்றும் நாங்கள் நீதிமன்றத்தில் எடுத்துக் காட்டுகிறோம்.

தம்பி தம்பலகாமத்தான் கேட்ட சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்கம். அதன் 122ஆம் பிரிவின்படி விசாரணைக்காக ஒருவரை வைத்தியரிடம் பரிசோதிக்க விடுவதற்கு அந்த ஆளின் சம்மதம் வேண்டும். சம்மதிக்காவிட்டால் பொலிஸ் நீதவானிடம் கட்டளை கேட்க வேண்டும். இது ஆதாரம் எடுக்கும் பரிசோதனைக்கு. உயிர் காக்கும் சிகிச்சையை இதோடு குழப்பக் கூடாது. அதே சட்டத்தின்படி சாதாரணமாகப் பிடிபட்டவரை, பயண நேரம் தவிர்த்து, 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். வார்டில் கிடந்தால் நீதவான் ஆஸ்பத்திரிக்கே வந்து பார்ப்பார். அப்போது நோயாளி வாய் திறந்து சொல்லலாம், இன்ன காயம், இன்னார் செய்தது, சட்ட வைத்திய அதிகாரியிடம் என்னை அனுப்புங்கள் என்று. நீதவான் கட்டளை போடுவார்.

சித்திரவதை அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரைக்கு எதிரானது. 1994ஆம் ஆண்டு 22ஆம் இலக்கச் சட்டத்தில் அதற்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை. உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்த ஒரு மாதத்தில் சேராது. திருகோணமலையிலேயே அவர்களுக்குப் பிராந்திய அலுவலகம் உண்டு, அவசர இலக்கம் 1996. இவை எல்லாவற்றுக்கும் அடித்தளம் முதல் இரவில் ஈ.ரி.யு.வில் எழுதப்பட்ட அந்த நாலு வரிதான். அது "வெறி, அனுப்பப்பட்டார்" என்று இருந்தால் மூன்று ஆண்டு கழித்து நான் எதை வைத்து வாதாடுவது?

ஓய்வுபெற்ற சார்ஜன்:

சட்டத்தரணி ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்ல பதிவு நேர்மையான பொலிஸ்காரரையும் காக்கும். பிடிபடும் முன்னமே இருந்த காயத்தை டொக்டர் அந்த நேரத்திலேயே எழுதிவிட்டால், பிறகு அதை எங்கள் தலையில் கட்ட முடியாது. கூண்டில் அடைக்க முன் ஒரு பரிசோதனை, விட முன் ஒரு பரிசோதனை. இதை நான் வேலையில் இருக்கும்போதே விரும்பினேன்.

ஆளை விட்டு வெளியே நில் என்றால் எங்கே நிற்பது? அதையும் சொல்லுங்கள்.

இரவுக்கடமை:

ஐயா, நல்ல கேள்வி. இதற்கு உலக அளவில் வழி சொல்லப்பட்டிருக்கிறது. சித்திரவதையை மருத்துவ ரீதியில் பதிவது எப்படி என்று ஐ.நா. 1999இல் இஸ்தான்புல் நெறிமுறையை ஏற்றது, 2022இல் திருத்தியது. பரிசோதனை அறைக்குள் பொலிஸ் இருக்கக் கூடாது என்பது அதன் பொது விதி. உண்மையான ஆபத்து இருப்பதாக வைத்தியருக்குப் பட்டால், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நிற்கலாம், பேசுவது காதில் விழும் தூரத்தில் நிற்கக் கூடாது. யார் நின்றார் என்பதையும் எழுத வேண்டும். எங்கள் ஈ.ரி.யு.வில் கண்ணாடி வைத்த கதவு உள்ள சின்ன அறை ஒன்று இருக்கிறது. கான்ஸ்டபிள் கண்ணாடிக்கு வெளியே கதிரை போட்டு இருப்பார். யன்னலுக்குக் கம்பி இருக்கிறது, தப்ப வழியில்லை. இதை இப்படிச் செய்யத் தொடங்கிய பிறகு பொலிஸாரோடு ஒரு சண்டையும் வந்ததில்லை. முடிவெடுப்பது வைத்தியராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மிஸ் சொன்ன ஆபத்தான நேரங்களில் நானே கான்ஸ்டபிளை உள்ளே கூப்பிடுவேன். எல்லோருக்கும் ஒரே விதி போட முடியாது. ஆனால் முதலில் வெளியே, தேவைப்பட்டால் உள்ளே என்று இருக்கட்டும். இப்போது இருப்பது தலைகீழ்.

சாம்பல்தீவு அக்கா:

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டே இருந்தேன். என் தம்பியைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

தம்பிக்கு மனநோய். மருந்து நிற்பாட்டினால் இரண்டு மூன்று கிழமையில் குரல் கேட்கத் தொடங்கும். ஒரு முறை வீதியில் நின்று போகிற வாகனங்களுக்குக் கல் எறிந்தான். பொலிஸ் வந்தது. அவர்கள் அடிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். ஆனால் விலங்கு போட்டுக் கொண்டுபோய் ஓர் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவு (ஓ.பி.டி.) வாங்கில் சனத்துக்கு நடுவில் உட்காரவைத்தார்கள். நேரம் போகப் போக அவன் கத்தக் கத்த ஆட்கள் கூடி நின்று போனில் படம் எடுத்தார்கள். தெரிந்த முகங்களும் இருந்தன. அவன் குற்றம் செய்தவன் இல்லை, வருத்தக்காரன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த ஒருவரை இப்படி விலங்கோடு காட்சிக்கு வைப்பார்களா?

பிறகு வந்த ஒரு டொக்டர் பிள்ளை, சிங்களப் பிள்ளை, அவனுக்குப் பக்கத்தில் கீழே குந்தி இருந்து உடைந்த தமிழில் பெயரைக் கேட்டார். விலங்கைக் கழற்றுங்கள், நான் பொறுப்பு என்றார். அவன் அழத் தொடங்கினான், கத்துவதை நிறுத்தினான். அந்தப் பிள்ளை நல்லா இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் கோயிலில் விளக்கு வைக்கும்போது நினைப்பேன்.

இப்படி அடுத்த தடவை ஆனால் பொலிஸைக் கூப்பிடாமல் வேறு என்ன செய்யலாம்? அதைச் சொல்லுங்கள் டொக்டர்.

இரவுக்கடமை:

அக்கா, தம்பியைப் பற்றி எழுதியதற்கு நன்றி.

முதலில், மருந்து நின்றது தெரிந்த உடனே, குரல் கேட்கும் வரை காத்திராமல் கிளினிக் மனநல வைத்தியரிடமோ சமூக மனநலத் தாதியிடமோ சொல்லுங்கள். குளிசை விழுங்க மறுப்பவர்களுக்கு மாதம் ஒரு முறை போடும் ஊசி இருக்கிறது, அது அவருக்குச் சரிவருமா என்று கேளுங்கள். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம், இரவிலும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். ஆள் அடங்கி வரக்கூடிய நிலையில் இருந்தால் 1990ஐக் கூப்பிடுங்கள். அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. கல், கத்தி என்று கையில் இருந்தால் பொலிஸ் வேண்டியிருக்கும், ஆனால் அழைக்கும்போதே சொல்லுங்கள், இவர் மனநல நோயாளி, இந்தக் கிளினிக் இலக்கம், குடும்பத்தில் நான் கூட வருவேன் என்று. கிளினிக் கொப்பியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இந்த நாட்டில் மனநோய்க்கென்று இருக்கும் சட்டம் 1873ஆம் ஆண்டினுடையது. அந்தக் காலத்துச் சிந்தனை பொலிஸையும் நீதிமன்றத்தையும் நம்பித்தான் இருந்தது. புதுச் சட்டம் வேண்டும் என்று மனநல வைத்தியர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் வரும் வரை காத்திராமல் ஈ.ரி.யு. செய்யக்கூடியது, இவர்களை வாங்கில் இருத்தாமல் நேராக உள்ளே எடுப்பது. அதோடு, மனநோயாளி என்று தெரிந்தாலும் சீனியும் காய்ச்சலும் தலைக்காயமும் பார்ப்பது. மனநோயாளிக்கும் மூளைக்காய்ச்சல் வரும்.

மிஸ்_திருமலை:

அக்கா, போனில் படம் எடுப்பதை நாங்கள் தடுக்கலாம், தடுக்க வேண்டும். விலங்கைப் பற்றி: கட்டிலோடு பிணைத்த கையில் நான் சேலைன் போட மாட்டேன், மற்றக் கையைத்தான் கேட்பேன். வலிப்பு வந்தவர், மயங்கிக் கிடப்பவர், பிரசவ வலியில் இருப்பவர், இவர்களுக்கு விலங்கு எதற்கு? வலிப்பு வரும்போது விலங்கோடு கை முறிந்தும் போகும். டொக்டர் டிக்கெட்டில் "விலங்கு அகற்ற வேண்டும், மருத்துவக் காரணம்" என்று எழுதிவிட்டால் கான்ஸ்டபிளும் மேலிடத்துக்குக் காட்டலாம், அவருக்கும் பாதுகாப்பு.

கிண்ணியா நானா:

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. கூண்டுக்குத் திருப்பி அனுப்பினால் மருந்து யார் கொடுப்பது? இன்சுலின் யார் போடுவது? என் மச்சானுக்கு வலிப்பு மருந்து. ஆஸ்பத்திரியில் துண்டு கொடுத்தார்கள், நிலையத்தில் மேசையிலேயே கிடந்தது.

இரவுக்கடமை:

நானா, இதுதான் பலருக்கு எமனாக வருகிறது. நாம் செய்ய வேண்டியது, துண்டைக் கான்ஸ்டபிளின் கையில் திணித்து அனுப்பாமல், எளிய சிங்களத்திலும் தமிழிலும் ஒரு கைமாற்றுக் கடிதம் எழுதுவது. எந்த மருந்து, எத்தனை மணிக்கு, சாப்பாடு கட்டாயம், எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்பக் கொண்டுவர வேண்டும். பொறுப்பதிகாரியின் பெயர் கேட்டு அவருக்கே தொலைபேசியில் சொல்லலாம். இன்சுலின் போடுபவரை, வலிப்பு மருந்து நின்றுபோனவரைக் கூண்டில் வைக்க முடியாது என்றால் அப்படியே எழுத வேண்டும். "காவலில் வைக்கத் தகுதியானவர்" என்று ஒரு வரியில் முத்திரை குத்திக் கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். எந்த நிபந்தனையோடு தகுதி என்று எழுதுகிறேன்.

தினமும் குடிப்பவர்களுக்கு இது இன்னும் அவசரம். குடி நின்று 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் நடுக்கம், காய்ச்சல், இல்லாததைக் காண்பது. பிடிபட்ட அன்று தெளிவாக இருப்பார், அடுத்த நாள் மறியலில் சாவார். அவருக்கு டயசபாம், தயமின் எல்லாம் திட்டமிட்டுக் கொடுக்க வேண்டும். அதை வார்டில்தான் செய்ய முடியும்.

சட்டத்தரணி_உவர்மலை:

குடும்பத்தார் செய்யக்கூடியது: மருந்தையும் கிளினிக் கொப்பியையும் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அதைப் பதிவேட்டில் எழுதும்படி கேளுங்கள். எழுத மறுத்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு 1996க்கு அழைத்துச் சொல்லுங்கள். சட்டத்தரணி இருந்தால் அடுத்த நாள் நீதவானிடம் முதல் வார்த்தையே இந்த மருந்தைப் பற்றியதாக இருக்கட்டும். மறியலுக்கு அனுப்பும் கட்டளையிலேயே சிறைச்சாலை வைத்தியரிடம் காட்டும்படி எழுதுவிக்கலாம்.

தம்பலகாமத்தான்:

பெரியப்பா மகனின் அன்றைய டிக்கெட் நகல் எடுக்க முடியுமா ஐயா? முறைப்பாடு செய்யும் எண்ணத்தைவிட, அடுத்து வரும் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் காட்டிப் பேசத்தான்.

சட்டத்தரணி_உவர்மலை:

முடியும் தம்பி. நோயாளியே கையொப்பமிட்டு ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்கோ வைத்திய அத்தியட்சகருக்கோ எழுதுங்கள். தராவிட்டால் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அங்கே இருக்கும் தகவல் அதிகாரிக்கு விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாளுக்குள் சொல்ல வேண்டும். இப்போதும் காவலில் இருக்கும் ஒருவரின் உயிர், சுதந்திரம் பற்றிய தகவல் என்றால் 48 மணி நேரம்தான். தமிழில் எழுதினால் தமிழில் பதில் தர வேண்டும். இரண்டு தடவை போனதால் இரண்டு பதிவுகள் இருக்கும், இரண்டையும் திகதியோடும் நேரத்தோடும் கேளுங்கள். கூட்டத்துக்குக் கொண்டுபோகும்போது பெயரை மறைத்து நகல் எடுங்கள்.

மிஸ்_திருமலை:

கூட்டத்தில் மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள் அண்ணா, நிறையக் கேட்டால் ஒன்றும் நடக்காது. நினைவு தடுமாறி வரும் எவருக்கும், யார் கொண்டுவந்தாலும், வாசலிலேயே சீனி பார்க்க வேண்டும். இரண்டு மொழியும் தெரிந்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஒவ்வொரு முறைக்கடமைக்கும் ஈ.ரி.யு. சுவரில் இருக்க வேண்டும். பரிசோதிக்கும் இடத்துக்கு வெளியே பொலிஸுக்கு ஒரு கதிரை. இதற்குப் புதிதாகப் பணம் எதுவும் தேவையில்லை. சீனி பார்க்கும் கருவி எங்கள் எல்லா ட்ரொலியிலும் இருக்கிறது. கூட்டம் எந்தத் திகதி என்று இங்கே போடுங்கள், விடுமுறை கிடைத்தால் நானும் வருகிறேன்.